வெள்ளைக் கிண்ணம், மஞ்சள் கிண்ணம்

காய்கறி மண்டியில் ஏலம் விட்டுக் கொண்டிருந்த அப்பாவின் குரல், பக்கவாதம் வந்த அன்றோடு அடங்கிப்போனது. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பேச்சு போனதைவிடப் பெரிய தொல்லை தொண்டை. தண்ணீரைத் தண்ணீராகக் குடித்தால் அது வழி தவறி நுரையீரல் பக்கம் போய்விடுகிறது. சூப்போ பாலோ, எதுவானாலும் கெட்டியாக்கித்தான் தரவேண்டும்.

அண்ணன் வெளியூர் வேலையில் இருக்கிறான். சமைப்பது அண்ணி, ஊட்டுவது அம்மா. ஊட்டினால் அப்பா இருமுகிறார். "ஒரு நாள் சூப் கெட்டியா இருக்கு, ஒரு நாள் தண்ணியா இருக்கு, உங்க அண்ணிக்கு எப்பவும் அவசரம்" என்று அம்மா போனில் சொல்லப்போக, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா மகள்? லீவு போட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

பெயிண்ட் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது அவளுடைய வேலை. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் தராசு. சின்ன வயதில் அண்ணன் தட்டையும் தன் தட்டையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள், அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். பெயிண்டானாலும் மனுஷரானாலும் எடை போடாமல் அவளால் இருக்க முடியாது.

அவள் யாரிடமும் சொல்லாத காரியம் ஒன்றும் இருக்கிறது. ஒரு பராமரிப்பு இல்லத்தில் அப்பாவுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறாள். நாளைக் காலை வண்டி வரும்.

ஆனால் அதற்கு முன்னால் இன்றைய மாலையைத் தாண்டவேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் வருகிறார். அப்பாவின் தொண்டையையும் அவர்தான் பார்க்கிறார். போன முறையே கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தடவை ஒரு கிண்ணம் முழுக்க இருமாமல் இறங்கவேண்டும், இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் போடும்படி டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று. அப்பாவுக்குப் பேச்சுத்தான் இல்லை, காது நன்றாகவே கேட்கும். குழாய் என்ற சொல் வந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காலையில் அம்மா குளிக்கப் போனாள். அண்ணி பேக்கரிக்குப் போயிருந்தாள். அண்ணிக்கு அதுதான் தொழில், வீட்டிலேயே கஸ்டர்டும் புட்டிங்கும் செய்து கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. தராசுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? நேராகச் சமையலறைக்குள் போனாள்.

அப்பாவின் சூப்பைக் கெட்டியாக்குகிற வெள்ளை மாவின் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். சோளத்திலிருந்து எடுத்த ஸ்டார்ச். புரதம் என்ற இடத்தில் பேருக்கு ஒரு துளி. நார்ச்சத்து என்ற இடத்தில் அதுவும் இல்லை. எல்லாம் வெறும் மாவுச்சத்து. அப்பாவின் தோள் எலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்பதை நேற்று பார்த்திருந்தாள், வயிறு எரிந்தது. பெற்ற அப்பனுக்குப் பசையைக் காய்ச்சி ஊற்றுகிறார்களே என்று.

அவள் வெறுங்கையோடு வந்தவள் இல்லை. சூப்பில் சோள மாவு போடுவதாக அம்மா போனில் சொல்லியிருந்ததால், வரும் வழியிலேயே மக்காச்சோள மாவு வாங்கி வந்திருந்தாள், முழுச் சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. இதன் பொட்டலத்தில் நாரும் இருந்தது, புரதமும் கொஞ்சம் இருந்தது. இதை விட்டுவிட்டு அதை வாங்குவானேன்?

கொதிக்கிற சூப்பில் மஞ்சள் மாவை அள்ளிப் போட்டாள். கட்டி கட்டியாகத் திரண்டது. கரண்டியால் நசுக்கினாள். பார்க்கக் கெட்டியாக, நல்ல நிறமாக, சாப்பாடு என்று சொல்லும்படி இருந்தது. ஆறவைத்து எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா வாயைத் திறப்பதாக இல்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஸ்பூன் உள்ளே தள்ளினாள்.

அந்த ஒரு ஸ்பூனுக்கே அவர் இருமத் தொடங்கினார். முகம் சிவந்து, கண் பிதுங்கி, மூச்சு வாங்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ஈரத் தலையோடு ஓடிவந்த அம்மா அவரை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். இருமி இருமி அந்த மஞ்சள் துகள்களை அவர் வெளியே தள்ளுகிறவரைக்கும் தராசுக்கு உயிர் உயிராக இல்லை.

காலித் தட்டோடு உள்ளே வந்த அண்ணி, தரையையும் கிண்ணத்தையும் பார்த்தாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. துணியை நனைத்து வந்து அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். அம்மாவிடம் போய்த் தலையைத் துவட்டிக்கொள்ளச் சொன்னாள். தராசுவின் கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாக வாங்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தராசுக்கு. பின்னாலேயே போனாள்.

"சத்து வேணும்னு நினைச்சது தப்பில்லம்மா," என்றாள் அண்ணி. "மஞ்சள்ல சோளத்தோட தோலு, முளை எல்லாம் சேர்ந்து அரைஞ்சிருக்கு. அதனாலதான் அதுல சத்து. அதனாலதான் எவ்வளவு வேகவெச்சாலும் ஒரு நறநறப்பும் இருக்கும். நமக்கு அது ருசி. மாமாவுக்கு அது தொண்டையில நிக்கற துகள்."

"அப்ப அந்த வெள்ளையில என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் தெம்பு வரும், அவ்வளவுதான். சோளத்துல இருக்கற மத்ததையெல்லாம் கழுவித் தள்ளிட்டு எடுத்தது. ஒண்ணுமில்லாததாலதான் வழுக்கிட்டு இறங்குது."

சத்தை அவள் வேறு வழியில் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். பருப்பு, காய், முட்டை எல்லாவற்றையும் வேகவைத்து, அரைத்து, வடிகட்டியில் தேய்த்து, அந்தச் சாற்றைத்தான் சூப்பாக்குகிறாள். ஒரு தடவை வடிகட்டினால் போதாது என்று இரண்டாவது தடவை இன்னும் மெல்லிய துணியில். தராசு இதையெல்லாம் பொட்டலத்தின் முதுகில் படித்திருக்க முடியாது.

மத்தியானச் சமையலுக்குத் தராசு நகரவே இல்லை, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தாள், அதை மறைப்பானேன். அண்ணி வெள்ளை மாவைக் கொதிப்பில் கொட்டவில்லை. பச்சைத் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கவிடாமல் கலக்கிக்கொண்டே, மெல்லிய தாரையாக விட்டாள். மறு கை துடுப்பை நிறுத்தவில்லை. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது, கொதி வந்ததும் கலங்கல் நீங்கிப் பளபளப்பாயிற்று. அந்த நொடியில் அடுப்பை அணைத்தாள். இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டால் என்ன என்று தராசு கேட்டாள். ரொம்பக் கொதித்தால் மறுபடி இளகிவிடும் என்றாள் அண்ணி. எலுமிச்சை பிழியலாமா என்றதற்கும் அதே பதில், புளிப்பும் இதற்கு ஆகாது. மஞ்சள் மாவு அப்படியில்லையாம். அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிண்டிக்கொண்டு நிற்கலாம், நின்றால்தான் பச்சை வாடை போகும்.

தொழிற்சாலையில் பெயிண்டின் பதத்துக்குத் தராசு நூறு சோதனை வைப்பாள். அந்தக் கண்ணால் அண்ணியின் கையைப் பார்த்தாள், ஒரு குறையும் அகப்படவில்லை. ஸ்பூனைச் சாய்த்தால் சூப் கொத்தாக நழுவி விழுந்தது. இந்தப் பதத்தில் இறக்குகிறவளையா அவசரக்காரி என்றார்கள்?

சாப்பாடு தொடங்கியது. அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்லி, அம்மா ஊட்டினாள். ஒவ்வொரு ஸ்பூனையும் முதலில் தன் உதட்டில் வைத்து ஒரு சொட்டு ருசி பார்ப்பாள். "சூடா இருக்காங்க?" என்று கேட்பாள். பதில் வராது. அவளே போதும் என்று தீர்மானித்து அதே ஸ்பூனில் அள்ளி அவருக்குத் தருவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் யாரோ சுடச்சுடக் கஞ்சி ஊட்டி, நாக்கு பொத்துப்போய், அதைச் சொல்லவும் முடியாமல் அவர் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அம்மா தன் வாயில் படாத ஒரு ஸ்பூனை அவர் வாய்க்கு அனுப்பியதில்லை.

தராசுவின் கண் கிண்ணத்திலேயே இருந்தது. முதலில் ஸ்பூன் போன தடம் சூப்பில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் தடம் மெதுவாக மூடிக்கொண்டது. பாதிக் கிண்ணத்துக்கு வந்தபோது தடமே விழவில்லை, ஸ்பூனிலிருந்து சொட்டிற்று. அந்த நேரம் பார்த்து அண்ணி இன்னொரு கிண்ணத்தோடு வந்தாள்.

"இது ஆறிப்போச்சு அத்தை. இதை எடுத்துக்குங்க."

அம்மா மறுபேச்சில்லாமல் புதுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அப்பா இருமவில்லை.

தராசு பழைய கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் பானையில் மிச்சமிருந்ததையும் கிளறிப் பார்த்தாள். பானையில் இருப்பது கெட்டி. கிண்ணத்தில் இருப்பது கிட்டத்தட்டத் தண்ணீர். ஒரே அடுப்பு, ஒரே மாவு, ஒரே நேரம். டின்னில் இருக்கிற பெயிண்ட் சரியாக இருந்து, அடிக்கிறவன் வாளியில் மட்டும் நீர்த்திருந்தால் டின்னைக் குறை சொல்லமாட்டார்கள், வாளிக்குள் என்ன போயிற்று என்றுதான் கேட்பார்கள். இந்த வாளிக்குள் ஸ்பூனைத் தவிர எதுவும் போகவில்லை. அந்த ஸ்பூன் ஒவ்வொரு தடவையும் எங்கே போய்விட்டு வந்தது?

அம்மாவின் வாய்க்கு.

"அண்ணி," என்றாள். "உங்களுக்கு இது தெரியும்."

அண்ணி குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அப்புறம் மூடினாள். போன வாரம்தான் தெரிந்தது என்றாள். அதே வெள்ளை மாவில் செய்த ஒரு கிண்ணம் கஸ்டர்டை வாயில் வைத்த ஸ்பூனாலேயே கிண்டிச் சாப்பிட்டுப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள், திரும்பி வந்து பார்த்தால் தண்ணீராக நின்றது. கைபடாத கிண்ணங்கள் எல்லாம் கெட்டியாகவே இருந்தன. எச்சிலிலேயே மாவுச்சத்தைக் கரைக்கிற சரக்கு இருக்கிறது. உடனே அவளுக்கு அத்தையின் ஸ்பூன் நினைவுக்கு வந்துவிட்டது. மாத்திரைகளால் மாமாவின் வாய் வறண்டே கிடக்கும், கிண்ணத்துக்குள் போவது அத்தையின் எச்சில்தான். அன்றிலிருந்து பாதியில் கிண்ணத்தை மாற்றுகிறாள். அவள் வீட்டில் இருக்கும்போது இருமல் இல்லை. பேக்கரிக்குப் போகிற நேரத்தில்தான் வருகிறது.

ருசி பார்க்க ஒன்று, ஊட்ட ஒன்று என்று அம்மாவிடம் இரண்டு ஸ்பூன் கொடுத்துப் பார்க்கக்கூடாதா என்றாள் தராசு. கொடுத்துப் பார்த்தாயிற்றாம். கவலையில் மூன்றாவது வாய்க்குள் இரண்டும் ஒன்றாகிவிடுகிறதாம்.

"சொல்லியிருக்கலாமே அண்ணி. அம்மா என்கிட்ட உங்களைத்தானே குறை சொன்னாங்க."

"அவசரக்காரின்னுதானே சொன்னாங்க? சொல்லிட்டுப் போகட்டும்." அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். "உன்னாலதான் அவர் இருமறார்னு ஒரு தடவை அவங்க காதுல விழுந்தா, அப்புறம் அந்த ஸ்பூனைத் தொடுவாங்களா? அவங்க ஊட்டலைன்னா மாமா வாயைத் திறப்பாரா? காலையில நீ பாத்தியே."

இத்தனை நாள் ஆட்களை எடை போட்டவளுக்கு, சும்மா பழியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கிற ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியவில்லை. அண்ணியை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எத்தனையோ வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தும் இன்றைக்குத்தானே தெரிகிறது என்று தன்மீதே கோபமும் வந்தது.

மாலையில் பயிற்சியாளர் முன்னால் கிண்ணம் மாற்ற முடியாது. ஒரே கிண்ணம், அடி தெரிகிறவரைக்கும் என்று கேட்பார். இருவரும் அடுப்பங்கரையில் நின்று யோசித்தார்கள். தராசுவின் பார்வை காலையில் அவள் கெடுத்த மஞ்சள் சூப்பின் மேல் விழுந்தது.

"அம்மா என்ன சாப்பிடறாங்க அண்ணி?"

"அவர் கிண்ணத்துல ருசி பாக்கறதுதான். தட்டு போட்டாலும் உட்காரமாட்டேங்கறாங்க."

"அப்ப இது அம்மாவுக்கு." தராசு மஞ்சள் மாவைத் தொட்டுக் காட்டினாள். ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பெயிண்ட் கலந்துவிடாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஒன்றில் கொஞ்சம் சாயம் போட்டுவிடுவார்கள். அப்பாவுக்கு வெள்ளைக் கிண்ணம், அம்மாவுக்கு மஞ்சள் கிண்ணம். அம்மா தன்னுடையதில் ருசி பார்க்கட்டும். ஸ்பூன் மாறினால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அண்ணி அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அவங்களோடதைக் கொஞ்சம் பின்னாடி இறக்கறேன்," என்றாள். "அது ஒரு பிடி கூடவே சூடா இருக்கும். அவங்க நாக்கு தாங்கினா மாமாவுக்குப் பயமே இல்ல."

மஞ்சள் மாவையும் அண்ணி பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் விட்டாள், பிறகு கை வலிக்கக் கிண்டினாள். வெள்ளை ஒரு கொதியில் முடிந்துவிட்டது, மஞ்சள் பொறுமையைச் சோதித்தது. வாசம் மட்டும் வீடு முழுக்கப் போயிற்று.

அம்மாவிடம் சொல்லுகிற வேலையைத் தராசு எடுத்துக்கொண்டாள். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிறவள் இன்றைக்குச் சொல்லைத் தேடி எடுத்தாள். "நீ சாப்பிடறியான்னு அப்பா உன் வாயையே பாத்துட்டு இருக்கார்மா. அவருக்கு ஒரு ஸ்பூன், உனக்கு ஒரு ஸ்பூன். உன்னோடது கூடச் சூடு. உனக்கு ஆறினா அவருக்கும் ஆறிடுச்சுன்னு அர்த்தம்." முழுக்கப் பொய்யும் இல்லை. அப்பா பார்க்கத்தான் செய்தார்.

பயிற்சியாளர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்டெதஸ்கோப்பை அப்பாவின் கழுத்துப் பக்கம் வைத்துக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்றார். அம்மா இரண்டு கிண்ணங்களையும், கிண்ணத்துக்கு ஒரு ஸ்பூனோடு, எடுத்து வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் மஞ்சள். மஞ்சளில் ஒரு வாய் எடுத்து விழுங்கிவிட்டு, வெள்ளையில் அள்ளி அவருக்குக் கொடுத்தாள். இறங்கியது. மறுபடி மஞ்சள், மறுபடி வெள்ளை. பாதியில் பழக்கதோஷம், மஞ்சள் ஸ்பூன் வெள்ளைக் கிண்ணத்துக்கு மேல் வந்து நின்றது. கதவருகே நின்ற தராசு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஸ்பூனின் நிறத்தைப் பார்த்தாள். நிதானமாகத் திருப்பிக்கொண்டுபோய் மஞ்சளிலேயே போட்டாள்.

வெள்ளைக் கிண்ணத்தின் அடி தெரிந்தது. கடைசி ஸ்பூன் வரைக்கும் தடம் நின்றது. ஒரு இருமல் இல்லை. பயிற்சியாளர் தொண்டைச் சத்தத்தை இன்னொரு முறை கேட்டுவிட்டு, குழாய் இப்போது வேண்டாம் என்றார். என்ன மாற்றினீர்கள் என்று அவர் கேட்க, அண்ணி பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஒன்றுமில்லை, அம்மாவும் கூடவே சாப்பிட ஆரம்பித்தாள் என்று தராசு சொன்னாள். பயிற்சியாளர் இரண்டு கிண்ணங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புரிந்துகொண்டாரோ என்னவோ, இதையே தொடருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவின் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று அவள் ஒரு வாய் எடுத்தாள், ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிடுகிற வாய். அப்பாவின் இடது கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. மெல்ல ஊர்ந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது. அவர் உதடு கோணிக்கொண்டு எதற்கோ பாடுபட்டது.

"சூ... டா?"

மண்டியையே அதிரவைத்த தொண்டையிலிருந்து காற்றும் சத்தமுமாக அந்த ஒரு சொல்தான் வந்தது. ஸ்பூன் அம்மாவின் கையிலேயே நின்றது.

"இல்லங்க," என்றாள் அம்மா. "பதமா இருக்கு." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தராசு அங்கே நிற்க முடியாமல் சமையலறைக்கு ஓடிவந்தாள். அண்ணியும் கேட்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளுக்கும் ஒரு கிண்ணம் மஞ்சள் ஊற்றி வைத்தாள். கிண்ணத்துக்குப் பக்கத்தில், மேஜைமேல் விட்டுப்போன தராசுவின் போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"ரெண்டு தடவை அடிச்சது," என்றாள் அண்ணி. "யாருன்னு நான் பாக்கலை. சாப்பிட்டுட்டுப் பேசு."

தராசு போனைத் திருப்பினாள். பராமரிப்பு இல்லத்தின் பெயர் திரையில் பெரிதாக நின்றது. அடியில் ஒரு குறுஞ்செய்தியும் திறந்தே கிடந்தது, நாளைக் காலை வண்டி கிளம்புகிறது, அப்பாவைத் தயாராக வைத்திருங்கள் என்று.

பார்க்காதவள் எதற்குக் கவிழ்த்து வைப்பாள்? அம்மாவின் ஸ்பூனை மறைத்தவள் இதையும் மறைத்துவிடுவாள். நாளை வாசலில் வண்டி வந்து நின்றாலும் வீடு மாறி வந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, அதைப் பற்றி மூச்சு விடமாட்டாள்.

ஒரு வாய் சாப்பிட்டாள் தராசு. நல்ல ருசி. நாக்கில் அந்த நறநறப்பு நின்றது. வண்டியை வேண்டாம் என்று தானே சொல்லவேண்டும், செய்ததையும் தானே ஒப்புக்கொள்ளவேண்டும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டியதைப் பார்த்தும் நிற்கவில்லை.

"அம்மா," என்றாள்.

அம்மா முந்தானையை விலக்கித் திரும்பினாள். அவள் மணிக்கட்டை விடாமலே அப்பாவும் திரும்பினார்.